அசையாத மேகம்

ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக் கணினிக்குள் ஒரு கடலும் ஒரு மேகமும் இருந்தன. காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் கடல் எவ்வளவு சூடாகும் என்று பார்ப்பதற்காக அவற்றைப் படைத்திருந்தார்கள்.

முன்பெல்லாம் மேகம் அசையக் கூடாது என்பது விதி. கடலின் சூடு இரண்டு டிகிரி ஏறி நின்றுவிடும். துல்லியமாகச் சொன்னால் 2.1, கடலுக்குத் துல்லியம் முக்கியம். பிறகு விதியை மாற்றினார்கள். சூடு ஏறினால் மேகம் கலையலாம். நிழல் போனதும் கடலின் சூடு நான்கு டிகிரி ஏறியது.

“அந்தக் காலம் மாதிரி வராதுப்பா” என்று கடல் பெருமூச்சு விட்டது. “தலைக்கு மேலேயே நிப்பே. நாளெல்லாம் பேசிட்டிருப்போம்.”

“இப்பவும் பேசிட்டுத்தானே இருக்கேன், அண்ணே?” என்றது மேகம், பாதி கலைந்தபடி.

“பேசுறே. பாதிப் பேச்சிலேயே காணாமப் போயிடுறே.”

ஒருநாள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஆராய்ச்சியாளர் ரெஜினா பழைய விதியையே மீண்டும் எழுதினார். மேகம் நடுவானில் அப்படியே நின்றது. குளிர்ச்சியாக நிழல் விழுந்தது.

“வந்துட்டியா!” என்று கடல் துள்ளியது.

மேகம் வாயைக்கூட அசைக்கவில்லை.

“கோபமா?”

கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த பிறகுதான் கடலுக்கு நினைவு வந்தது. அந்தக் காலத்திலும் பேசியது தான் மட்டும்தான்.