வெல்கம் ஜகதீசன்

'வெல்கம் ஜகதீசன்!' என்று வாசல் திரையில் எழுத்து ஓடியபோது உள்ளே நுழைந்தது ஒரு பெண்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஃபெலிக்ஸும் சிரித்தான். அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும் மென்பொருள் அவன் எழுதியது. பெற்ற பிள்ளை மேடையில் உளறினால் அப்பன் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

உளறல் என்றும் சொல்ல முடியாது. ஹைதராபாத் பேகம்பேட்டில் இருந்த அந்தக் கடையில் விற்கும் ஒவ்வொரு பொருளிலும், தையலுக்குள், நகத்தளவு சிப் ஒன்று உண்டு. திருட்டைப் பிடிக்க வைத்தது. பில் போட்டதும் அதை அணைத்துவிட வேண்டும்.

அணைக்காமல் விட்டால், வாங்கியவர் அதை மாட்டிக்கொண்டு மறுபடி வரும்போது பெயர் சொல்லி வரவேற்கலாமே என்பது முதலாளியின் யோசனை. வாங்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா என்று ஃபெலிக்ஸ் கேட்டான்.

"கைக்கு?" என்றார் முதலாளி, ஹைதராபாத் உருதுவில். எதற்காம்! அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பில் போடும்போது மொபைல் நம்பர் கேட்பார்கள். பெண்கள் பெரும்பாலும் கணவரின் நம்பரைத்தான் ஒப்பிப்பார்கள். சொந்த நம்பர் இருந்தாலும் வாயில் முதலில் வருவது அதுதான். அதனால் ஃபெலிக்ஸின் கணினியில் கைப்பை, சுடிதார், உள்பாவாடை எல்லாம் ஆண்கள் பெயரில் இருந்தன. சொந்த ஊரான தூத்துக்குடிக்குப் போனபோது நண்பர்களிடம் இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான்.

வந்தவளின் தோளில் பழுப்பு நிறத்தில் பெரிய கைப்பை ஒன்று தொங்கியது. அதுதான் ஜகதீசன்.

"நம்மூர்ப் பேரா இருக்கேன்னு பார்த்தேன். வாங்க மேடம்" என்றான் ஃபெலிக்ஸ்.

அவள் வரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது இங்க மட்டும்தான் தெரியுமா தம்பி, இல்ல அவருக்கும் போகுமா?"

வாசலைத் தாண்டும்போதே அவருக்கு எஸ்.எம்.எஸ். போய்விடும், எந்தக் கிளை என்றுகூட அதில் இருக்கும் என்று ஃபெலிக்ஸ் பெருமையாகச் சொன்னான். இந்த இடத்தில் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள்.

அவள் பிளக்கவில்லை.

"நான் எங்க இருக்கேன்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா கொன்னுடுவார்."

காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள். திரையைச் சுட்டிய விரல், எப்போதோ ஒடிந்து கோணலாகச் சேர்ந்ததுபோல, பாதியில் வளைந்து நிமிராமல் நின்றது.

லோத்குண்டாவில் இருந்த கணவர் வீட்டிலிருந்து கட்டிய புடவையும் அந்தக் கைப்பையுமாகக் கிளம்பியவள். சிம் மாற்றியாயிற்று. ஊரின் மறுகோடியில் விடுதியில் இடம் பிடித்தாயிற்று. இப்போது ஒரு வேலையும் கிடைத்திருந்தது. அதற்குப் போட்டுக்கொண்டு போக இரண்டு சுடிதார் எடுக்க வந்தாள். கைப்பையை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் படித்த சான்றிதழ்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. யாருக்குத்தான் தோன்றும்?

ஃபெலிக்ஸுக்கு முகம் எரிந்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. போன எஸ்.எம்.எஸ்ஸைத் திரும்பக் கூப்பிட முடியாது. அதற்கு அவன் எதுவும் எழுதி வைக்கவில்லை.

அவளை ட்ரையல் ரூம் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

ஜகதீசன் வந்தபோது திரையில் எதுவுமே வரவில்லை. அவர் உடம்பில் அந்தக் கடையின் நூலிழைகூட இல்லை. அப்போதுதான் தன் அறையிலிருந்து வெளியே வந்த முதலாளி, மெஷின் கெட்டுவிட்டதோ என்று ஃபெலிக்ஸை முறைத்தார். மற்றக் கிளைகளுக்கும் இதைப் பொருத்த அன்றைக்குத்தான் கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

வந்தவர் நல்ல மனிதராகத் தெரிந்தார். இஸ்திரி கலையாத சட்டை. தணிந்த குரல். போனில் இருந்த செய்தியைக் காட்டி, மனைவி இங்கே வந்திருக்கிறாள், சொல்லாமல் வந்து நின்றால் சந்தோஷப்படுவாள் என்றார். சொல்லிவிட்டு அழகாகச் சிரித்தார்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு எஸ்.எம்.எஸ். ஆளையே கடைக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டது! ஃபெலிக்ஸின் முதுகில் தட்டிவிட்டு, சாருக்கு சாய் கொண்டுவரச் சொன்னார்.

ஃபெலிக்ஸ் கணினியை ஜகதீசன் பக்கம் திருப்பினான். ட்ரையல் ரூம் கதவுகளும் சிப்பைப் படிக்கும். மூன்றாவது அறைக்குள் ஜகதீசன் என்ற பெயர் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போனது பதிவாகியிருந்தது. வெளியே வந்ததற்குப் பதிவு இல்லை.

"உள்ளதான் இருக்காங்க சார். மெஷின் பொய் சொல்லாது. உக்காருங்க."

கணவர்களுக்கென்றே போட்டிருக்கும் சோபாவில் ஜகதீசன் உட்கார்ந்தார். பெண்கள் பகுதி, எழுந்து போய்க் கதவைத் தட்ட முடியாது. மூன்றாவது கதவை விட்டுக் கண்ணை எடுக்காமல் காத்திருந்தார்.

சாய் வந்தது. அவர் தொடவில்லை. அது பாட்டுக்கு ஆடை கட்டியது.

ஃபெலிக்ஸ் தன் மேசைக்குத் திரும்பினான். லேப்டாப் அங்கே வெறுமனே கிடந்தது. காலையில் அதைப் போட்டு எடுத்துவந்த கறுப்புப் பையை, ஹைதராபாத்தில் பாதிப் பேர் தோளில் தொங்கும் அதே பையை, காணோம்.

இப்போது அதில் சில சான்றிதழ்கள் இருந்தன. சிப் கிடையாது.