முழு வாக்கியம்

"சார்... பீம்... கிராக்..." என்று எழுந்து நின்ற மௌனசாமி, தூண்டிலில் மாட்டிய மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினான்.

உத்தரத்தில் விரிசல் விட்டிருப்பதைப் பற்றிப் பேச வருகிறான் என்று புரிந்ததும் ஆங்கில விரிவுரையாளருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கட்டடப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் அந்தப் பையன் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. மௌனசாமி என்பதே கூடப் படிப்பவர்கள் வைத்த பட்டம். தன்னை எழுப்பிவிடுவாரோ என்ற பயத்தில் ஆங்கில வகுப்பு முடியும்வரை கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். இன்று கூப்பிடாமலே எழுந்திருக்கிறான்!

அதுவும் எப்பேர்ப்பட்ட நாளில்! கடைசி பெஞ்சில் துறைத்தலைவர் உட்கார்ந்திருந்தார். தற்காலிக ஆசிரியராகவே தலை நரைத்துவிட்ட விரிவுரையாளரை நிரந்தரமாக்குவது அவர் கையில்தான் இருந்தது. "இலக்கணம் மட்டும் நடத்தினா பிள்ளைங்க தூங்குவாங்க சார். அவங்க பாடத்தையே இங்கிலீஷ்ல பேச வைக்கிறேன், வந்து பாருங்க" என்று வருந்தி வருந்தி அழைத்திருந்தார்.

வேலைத்தளத்தில் கோளாறைக் கண்டால் மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அன்றைய பயிற்சி. ஒருத்தி துருப்பிடித்த கம்பியைப் பற்றிச் சொன்னாள். ஒருவன் ஒழுகும் தொட்டியைப் பற்றிச் சொன்னான். தமிழில் பேசினால் வகுப்பை விட்டு வெளியே போய்விட வேண்டும். விளக்கம் சொல்வதற்காகத் தமிழ் பேசும் சலுகை விரிவுரையாளர் ஒருவருக்கு மட்டும்.

"பீம், கிராக்னா என்னப்பா? தந்தியா அடிக்கிறே? முழு வாக்கியமா சொல்லு."

மாடியில் புதிய சோதனைக்கூடத்துக்கு ஏதோ இயந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தை மீறி, "தி பீம் ஹாஸ் எ கிராக், சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் மௌனசாமிக்கு மூச்சு வாங்கியது.

"பலே! எவ்வளவு பெரிசு?"

"பிக், சார். நவ் மோர் பிக்."

"பிக்கர்." அந்தச் சொல்லை வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதிவிட்டு, தோளில் படிந்திருந்த தூளைப் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டுக்கொண்டார்.

மௌனசாமி கையை உயரத் தூக்கித் தூக்கி ஆட்டினான்.

"கையைக் கீழே போடு. சைகை பாஷைக்கு மார்க் கிடையாது. வாயால சொல்லு."

"ரன் சார்! எவ்ரிபடி ரன்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்துவிட்டார்.

"மேலதிகாரிகிட்ட இப்படியா கத்துவாங்க? தலை போற காரியமா இருந்தாலும் பதறக் கூடாது. உடனே வெளியேறணும்னு மரியாதையா கேட்டுக்கோ, பார்ப்போம்."

பையனுக்கு வேர்த்துக் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டான். சுருதி பிசகாமல் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"ஐ ரிக்வெஸ்ட் யூ... டு லீவ் தி பில்டிங்... இம்மீடியட்லி, சார்."

கைதட்டல் காதைப் பிளந்தது. கட்டடப் படிப்பில் கரை கண்ட துறைத்தலைவரே எழுந்து நின்று தட்டினார். "பாடமும் வருது, பாஷையும் வருது. நடிப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா உச்சரிப்பு பிரமாதம்!"

விரிவுரையாளருக்குத் தலைகால் புரியவில்லை. வேலை நிரந்தரம் என்ற செய்தியை வீட்டில் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றுகூட மனம் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு விட்டுட்டியே ராஜா. எந்த இடம்னு சொல்லலையே? இடம் சொல்லாத புகாரும், ஊர் பேர் எழுதாத கடிதாசியும் ஒண்ணு. ம், சொல்லு."

மௌனசாமி வாயைத் திறந்தான். மனசில் இருந்த கொஞ்சநஞ்ச ஆங்கிலமும் காலை வாரிவிட்டது.

"ஐயோ, போதும் சார்! வாங்க சார், போயிடலாம்!"

விரிவுரையாளரின் முகம் சுண்டிப்போனது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டானே! துறைத்தலைவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வாசலைக் காட்டினார்.

"தமிழ் பேசிட்டே. யாரா இருந்தாலும் சட்டம் சட்டம்தான். வெளியே போ."

மௌனசாமி வாசல் பக்கம் போகவில்லை. பெஞ்சைத் தாண்டிக் குதித்து, முன்னால் ஓடிவந்து, அவர் கையை இறுகப் பிடித்து இழுத்தான்.

"எல்லாரையும் வெளியே போகச் சொல்லுங்க சார், அந்த பீம் உங்க தலைக்கு மேலதான் இருக்கு!"