தென்னமரத்தின் முகம்

"ஏ புள்ள, தென்னமரம் உன்னையக் கேலி பண்ணியிருக்குது, வந்து பாரு!"

பிரத்யுஷா கத்தியதில் சிங்காநல்லூர் பிரவுசிங் சென்டரே திரும்பிப் பார்த்தது. நந்திதா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தோழியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

'கொங்குக் கூடாரம்' என்பது கோவைப் பக்கத்து ஆட்கள் இன்டர்நெட்டில் கூடிப் பேசும் அரட்டைக் குழு. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துத் தள்ளுவார்கள். பேருக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு படம். பாதிப் பேர் சினிமா நடிகர்களாக இருந்தார்கள், மீதிப் பேர் கிரிக்கெட் வீரர்களாக. பொள்ளாச்சிக்காரர் ஒருவர் தன் மொபெட்டையே போட்டிருந்தார். போன மாதம் துணிந்து சொந்த முகத்தைப் போட்டது நந்திதா மட்டும்தான்.

தென்னை மரப் படத்தைப் போட்டுக்கொண்டு அதே பேரில் உலவும் 'தென்னமரம்' எழுதியிருந்தது: "சிங்காநல்லூர் அம்மிணி, அது புரோக்கருக்கு ஜாதகத்தோட குடுக்கற போட்டோதானே? பின்னால தொங்கற ஸ்டுடியோ படுதாவையாவது வெட்டியிருக்கலாமல்ல?"

நந்திதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மை அதுதான். அவளிடம் உருப்படியாக இருந்த படம் அது ஒன்றுதான். ஒரு பிரதி புரோக்கர் சென்னிமலையிடம் போயிற்று, இன்னொன்று ஸ்கேனருக்குப் போயிற்று.

"மூஞ்சியக் காட்டப் பயப்படற ஆளு பேசக்கூடாதுங்க," என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள்.

அடுத்த நொடியே பதில் வந்தது. "மரமா இருந்தா ஒரு சௌகரியம். யாரும் வயசு கேக்க மாட்டாங்க."

"என்ன வேகம் புள்ள!" என்றாள் பிரத்யுஷா. "நாம ஒரு எழுத்தைத் தேடறதுக்குள்ள அவன் ஒரு வரியே அடிச்சுப்போடறான். ஒரு தப்புக்கூட இல்ல."

மூன்று மாதமாக இந்த வாயாடித்தனத்துக்காகத்தான் நந்திதா கம்ப்யூட்டர் கிளாஸ் முடிந்ததும் இங்கே ஓடி வருகிறாள். மனசு கனத்த நாளில் ஒரு வரியில் சிரிக்க வைத்துவிடும் தென்னமரம். ஊர் உடுமலைப்பேட்டை என்பதைத் தவிர அவனைப் பற்றி வேறொன்றும் தெரியாது. ஆனாலும் அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது.

சங்கடம் என்னவென்றால், நாளைக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"மாப்பிள்ளையும் உடுமலைதானே? ஒருவேளை அவனே இவனா இருந்தா?" என்றாள் பிரத்யுஷா.

"இருந்தா கண்ண மூடிக்கிட்டுச் சரின்னு சொல்லிப்போடுவேன்," என்ற நந்திதா, மறுபடி எழுத்தைத் தேடித் தேடி அடித்தாள். "நாளைக்கு என்னையப் பொண்ணு பாக்க வாராங்க. மாமியாக்காரி பெரிய பேச்சுக்காரியாம். நான் வேண்டாம்னு சொல்லப் போறேனுங்க. அதுக்கு முன்னால உங்க மூஞ்சியப் பாக்கோணும்."

முதல் தடவையாகத் தென்னமரம் பதில் சொல்லத் தாமதித்தது.

"பாக்காமயே வேண்டாம்னு சொல்லாத அம்மிணி. பாத்துப்போட்டுச் சொல்லு. அப்பறம் நானே படத்தை மாத்திப்போடறேன்."

நந்திதாவின் முகம் சுருங்கிப் போயிற்று. "எவனையோ பாருங்கறான். இவனுக்கு என்மேல ஒண்ணுமே இல்ல புள்ள," என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் வந்தார்கள். மாப்பிள்ளை கிருபாசங்கர் வெள்ளைச் சட்டையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தான். பேச்சுக்காரி என்று பேர் வாங்கிய அவன் அம்மா ராசாத்தாள் என்னவோ வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளையையும் பெண்ணையும் பெரியவர்கள் தனியாகப் பேச விட்டார்கள்.

கடைசி நம்பிக்கையாக நந்திதா கேட்டாள். "கம்ப்யூட்டரெல்லாம் பழக்கமுங்களா?"

"அந்தப் பக்கமே போறதில்லீங்க. கோழிப்பண்ணைக்கே நேரம் சரியாப் போயிருதுங்க."

நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தான். ஆனால் அவன் தென்னமரம் இல்லை. அப்பா செங்கோடனைக் கூப்பிட்டு வேண்டாமென்று சொல்லிவிடும் தீர்மானத்தோடு அவள் சமையல்கட்டுக்குப் போனாள். பின்னாலேயே ராசாத்தாள் வந்தாள், கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரத்தோடு. தலையில் அதை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிவான மாதிரி.

"வெக்கட்டுமா, வேண்டாமா? நீயே சொல்லு கண்ணு," என்றாள் ராசாத்தாள்.

நந்திதா குனிந்து காபி டம்ளர்களைக் கழுவத் தொடங்கினாள்.

"வேண்டாம்னா தைரியமாச் சொல்லு, நான் மனசுல வெச்சுக்க மாட்டேன். மாமியாக்காரி பேச்சுக்காரிங்கறதும் நெசந்தான். இருவது வருசமா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தறவளுக்கு வாயைவிட விரலு வேகம்."

நந்திதா சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஆனா ஒண்ணு அம்மிணி. பூ வெச்சாலும் வெக்காட்டியும் நாளைக்கு அரட்டைக்கு மட்டும் வராம இருந்துபோடாத," என்று ராசாத்தாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "தென்னமரத்தை எடுத்துப்போட்டு இந்தக் கெழட்டு மூஞ்சியப் போடறேன்னு உன்கிட்ட வாக்குக் குடுத்துப்போட்டேனல்ல?"