மூன்றாவது படம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சின்னக் கதைதான். நெஞ்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

அரியாங்குப்பம் ஆற்றில் வெள்ளம் புரண்ட அன்று ஸ்கூட்டரில் போன முகிலன் வீடு திரும்பவில்லை.

இன்று காலை அவன் மனைவி அமுதவல்லியின் போனுக்குப் போலீஸ்காரர் ஒரு கோப்பு அனுப்பினார். ஆற்றில் ஒதுங்கிய, யாரென்று தெரியாத உடல்களோடு கிடைத்த பொருட்களின் படங்கள்.

மாமனார் கலியமூர்த்திக்குச் சர்க்கரையில் பார்வை போய்விட்டது. எதையும் போன்தான் அவருக்கு வாசித்துக் காட்டும். இந்தக் கோப்பை மட்டும், "படம், படம், படம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

"நீ வாயால சொல்லாதம்மா. உன் கொரலு எனக்காவப் பொய் சொல்லும். எழுதிக் குடு, போனு சொல்லட்டும்."

லாஸ்பேட்டை ஆபீசில் அமுதவல்லிக்கு அதுதான் வேலை. பார்வையில்லாதவர்கள் காதால் கேட்க, ஒவ்வொரு படத்திலும் இருப்பதை எழுதி வைப்பாள். சும்மா அழகுக்குப் போட்ட படத்தை 'அலங்காரம்' என்று குறித்துவிட்டால், போன் வாய் திறக்காமல் தாண்டிப் போய்விடும்.

அது தெரியாத புதிதில், ஓரத்துப் பூக்களையெல்லாம் எழுதிவைத்திருந்தாள். "பூ பூன்னு கத்துதே, இது போனா பூக்காரியா?" என்று கிண்டல் செய்தவரே இந்த மாமனார்தான். அன்றிலிருந்து பூக்களை 'அலங்காரம்' என்று குறித்துவிடுவாள்.

முதல் படத்துக்கு எழுதினாள். இரண்டாவதுக்கும்.

மூன்றாவதில் ஒரு ஸ்கூட்டர் சாவி. அதில் கோத்த பித்தளை டோக்கன்.

மில்லுக்குள் போகும்போது கலியமூர்த்தி காட்டிக்கொண்டிருந்த டோக்கன். மில் மூடியதும் மகன் முகிலனுக்குக் கொடுத்தார். அதில் வெட்டிய நம்பர் இன்னும் அவர் விரல் நுனியில் இருக்கிறது.

'சாவி. பித்தளை' என்பது வரை அடித்தாள்.

அழித்தாள்.

'அலங்காரம்' என்று குறித்தாள். கீழே தான் எழுதியிருந்த 'படம் மூன்று' என்பதையும் அழித்தாள். மீதிப் படங்களுக்கும் எழுதி முடித்து, மாமனார் போனுக்கு அனுப்பினாள்.

அவர் காதோடு வைத்துக்கொண்டார்.

"படம் ஒன்று. கிழிந்த நீலச் சட்டை. படம் இரண்டு. ஒற்றை வெள்ளிக் கொலுசு. படம் நான்கு. கருப்பு..."

அவர் விரல் போனை நிறுத்தியது.



"மூணாவது பூவாம்மா?" என்றார்.

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் மழைக்கு முன்னே வந்து சேரட்டும், கண்ணுகளா. அவர்கள் வண்டிச் சத்தம் உங்கள் வாசலில் கேட்கட்டும்.