பின்னால் இருந்த நிறம்

பழைய புகைப்படத்தில் ஏரி தெரிந்தால், இப்போது அங்கே நிற்கும் வீட்டை இடிக்க வேண்டும் என்பது சட்டம். மாமனார் இந்த மனையை வாங்கிய அன்று இங்கேயே நின்று எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தைத் தமயந்தி பரணில் ஒளித்துவைத்திருந்தாள். அவருக்குப் பின்னால் இருந்த சாம்பல் நிறம் வெறும் பொட்டலாகவும் இருக்கலாம்.

மாமனாரின் திதியன்று கணவன் அமுதன் செல்போனை நீட்டினான். "பரண்ல அப்பா படம் கிடைச்சுது. ஒரு ஆப்புல போட்டுக் கலராக்கி, 'நம்ம மனையில் அப்பா'ன்னு எழுதி எல்லாருக்கும் அனுப்பிட்டேன்." அவனுக்கு அதில் அப்பா மட்டும்தான் தெரிந்தார்.

அவருக்குப் பின்னால் பளபளவென்று நீலம்.

"இந்த நீலத்த யாருங்க போட்டது?"

"அதுவாவே போட்டுக்கிச்சு. நல்லாருக்குல்ல?"

தமயந்தி வாசலுக்கு ஓடினாள். காம்பவுண்டுச் சுவரில் அரசு ஊழியர் ஒருவர் சிவப்பு பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தார்.

"காயுற வரைக்கும் தொடாதீங்கம்மா," என்றார்.