நம்பர் இல்லாத நோட்டு

"எவனோ விவரம் கெட்டவன் போட்டிருக்கான், ஷர்லி!"

பீட்டர் சார் அந்த ஐந்நூறு ரூபாய் நோட்டை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"நல்ல நோட்டுத்தானே?" என்றாள் மனைவி.

"நல்லாப் பாரு. நம்பர் எங்க இருக்கு?"

எங்குமே இல்லை. நம்பர் அச்சாகாமலே வெளியே வந்துவிட்ட நோட்டு. இப்படிப்பட்ட பிழை நோட்டுகளைச் சேர்ப்பதில் சாருக்குப் பைத்தியம். ஆல்பம் ஆல்பமாக வைத்திருக்கிறார்.

மழையில் வீடு இடிந்துபோன அடைக்கலமேரிக்காக ஊர்ச் சர்ச்சில் தனி உண்டியல் வைத்திருந்தார்கள். வாரம் ஒருவர் எண்ண வேண்டும். இந்த ஞாயிறு சார் முறை.

"அப்ப உண்டியல்ல கை வச்சீங்களா?"

"சேச்சே! என் பையிலேருந்து வேற ஐந்நூறு போட்டுட்டுத்தான் எடுத்தேன். கணக்கு சரியா இருக்கு."

"இது எவ்வளவுங்க போகும்?"

"திருச்சியில ஒருத்தர் இந்த மாதிரி ஒண்ணுக்கு முப்பதாயிரம் தாரேன்னாரு. நான் குடுப்பேனா?"

மறுபடி அவர் முறை வந்தது. உண்டியலில் இன்னொரு ஐந்நூறு ரூபாய் நோட்டு. மேலே ஒரு நம்பர், கீழே வேறு நம்பர்!

சாருக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாயிற்று. போன வாரம் எண்ணிய டேவிட்டிடம் மெல்ல விசாரித்தார்.

"வித்தியாசமா நோட்டு ஏதும் வந்துச்சா தம்பி?"

"கிழிஞ்ச பத்து ரூவாதான் சார் வருது."

வீட்டுக்கு வந்தும் யோசனை தீரவில்லை.

"என் முறைக்கு மட்டும் எப்படி ஷர்லி வருது? ஆண்டவரே எனக்குத் தாராரோ?"

"ஒங்களுக்குத் தரணும்னா ஒங்க பையில போட மாட்டாரா? உண்டியல்ல எதுக்குப் போடுறாரு?"

அதுவும் சரியாகத்தான் பட்டது. ஆனாலும் நோட்டு ஆல்பத்துக்குள் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சார்தான் மைக்கைப் பிடித்தார்.

"அடைக்கலமேரி வீட்டுக்குக் கூரை போட இன்னும் அம்பதாயிரம் கொறையுது. இப்பல்லாம் ஜனங்களுக்குக் குடுக்குற மனசே இல்லாமப் போச்சு!"

வெளியே வந்தவரை, பேங்கில் கேஷியராக இருந்து ரிட்டயர் ஆன குழந்தைசாமி தயங்கித் தயங்கி ஓரமாக அழைத்தார்.

"சார், இங்கிட்டு வாங்க. அந்த ரெண்டு நோட்டும் இன்னும் வெலை போகலீங்களா?"

பீட்டர் சார் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எந்த... எந்த நோட்டுங்க?"

"கவுண்டர்ல இருந்தப்ப கைக்கு வந்ததுக. என் காசைப் போட்டு மாத்தி வச்சிருந்தேன். எம் பேரு வெளிய தெரிய வேணாம்னுதான் உண்டியல்ல போட்டேன். வேற யாரும் எண்ணினா வெறும் ஆயிரம் ரூவாயாப் போயிருமே சார்... மதிப்புத் தெரிஞ்சவர் நீங்க, நல்ல வெலைக்கு வித்து அந்தப் பிள்ளைக்குச் சேத்துருவீங்கன்னு, ஒங்க முறை வர்ற வாரமாப் பாத்துப் போட்டேன்."