வெயில் படக் கூடாது

லாட்ஜின் செய்தி நோட்டை ஏட்டு இரண்டாம் முறை படித்தார்.

'7.8.91, மாலை. ரூம் 6 சாம்சனுக்கு போன். பாம் பத்திரமா? ஜன்னல் பக்கம் வைக்கக் கூடாது. வெயில் படக் கூடாது. இருட்டான மூலையே நல்லது. ஞாயிறு நேரில் வந்து பார்க்கிறேன். கங்கா.'

எழுதியவர் சின்னப்பையன். ஐம்பத்திரண்டு வயது. லாட்ஜின் கிளார்க். போனில் வருவதை வந்தபடியே எழுதுவார். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

சுங்குவார்சத்திரத்தில் மூன்று லாட்ஜுகள். மே மாதம் பக்கத்து ஊரில் குண்டு வெடித்த பிறகு, போலீஸார் வாரம் இரண்டு முறை மூன்றிலும் நோட்டுகளைப் பார்த்தார்கள். இதுவரை எதுவும் கிடைத்ததில்லை.

ஏட்டு நோட்டை மூடினார். மெதுவாக மூடினார்.

சாம்சனை எழுப்பினார்கள். பம்ப் கம்பெனியில் ஃபிட்டர். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவன் லுங்கியோடு வராந்தாவுக்கு வந்தான். அதற்குள் மற்ற அறைக்காரர்கள் கீழே இறங்கி, சாலையைக் கடந்து, டீக்கடையில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாம் எங்க?" என்றார் ஏட்டு.

சாம்சன் நோட்டை வாங்கிப் படித்தான்.

"சார், அது செடி. டேபிள் பாம்னு பேரு. ரூமுக்குள்ள வளக்கறது. பனை ஜாதி."

"காட்டு."

சாம்சன் நகரவில்லை.

ஏட்டு ஓரடி பின்னால் போனார். சின்னப்பையன் படிக்கட்டு வரை போனார்.

செடி படப்பை நர்சரியில் வாங்கியது. ஒரு முழ உயரம். கங்கா வாங்கிக் கொடுத்தாள். மூன்று மாதம் இதை உயிரோடு வைத்திருந்தால் வீட்டில் உன்னைப் பற்றிச் சொல்கிறேன் என்றாள். அவள் வீட்டில் முருகன் படம். அவன் வீட்டில் சிலுவை. சண்டை பெரிதாக இருக்கும். அதற்கு முன் ஆளைச் சோதித்துப் பார்க்க நினைத்தாள்.

சாம்சன் ஒப்புக்கொண்டான். சுலபம் என்று நினைத்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமையோடு மூன்று மாதம்.

"செத்துப்போச்சு சார்" என்றான். "இருவது நாளாவுது. குப்பையில போட்டுட்டேன்."

இந்த இருபது நாளும், கங்கா போன் செய்தபோதெல்லாம், நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தான்.

"எப்படிச் செத்துது?"

"மொட்டை மாடியில வெச்சேன். வெயில் தாங்கல."

ஏட்டு வராந்தாவின் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பார்த்தார். ஏரிக்கரை தெரிந்தது. கரை நெடுகப் பனை மரங்கள்.

"பனைக்கு வெயில் தாங்கலியா? அதெல்லாம் இன்னாடா, கொட புட்ச்சிக்கினா நிக்குது?"

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன்."

ஏட்டு அவனை உற்றுப் பார்த்தார். அவன் நக்கல் செய்வதாகத் தெரியவில்லை. அது அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை.

"சட்டையப் போட்டுக்கினு வா. ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

அந்த மாதங்களில் ஸ்டேஷன் பேச்சு சீக்கிரம் முடிந்ததில்லை.

சாம்சன் சட்டை போட்டான். இரண்டாவது பொத்தானை மூன்றாவது துளையில் மாட்டினான். அவிழ்த்து மறுபடி மாட்டினான்.

அப்போது கிளியம்மாள் படியேறி வந்தாள். லாட்ஜைப் பெருக்குபவள். டீக்கடைக்குப் போகாதவள் அவள் ஒருத்திதான். கையில் ஒரு டால்டா டப்பா இருந்தது.

"இதுவா பாருப்பா. நீ குப்பையில போட்டது. வேர்ல பச்ச இருந்துது, வாரிக் கொட்ட மன்சு வர்ல. படிக்கட்டு அடியில வெச்சிருந்தேன்."

படிக்கட்டுக்கு அடியில் எந்தக் காலத்திலும் வெயில் வந்ததில்லை.

பழைய ஓலைகள் நான்கும் பழுப்பு. நடுவில் ஒரு குருத்து. விரல் நீளம். பச்சை.

சாம்சன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏட்டைப் பார்க்க மறந்துபோனான்.

ஏட்டு டப்பாவை வாங்கினார். ஆட்டிப் பார்த்தார். மண்ணுக்குள் விரலை விட்டுத் துழாவினார். ஒரு மண்புழு வந்தது. அதைத் திரும்ப உள்ளே விட்டார்.

பாக்கெட்டிலிருந்து தன் நோட்டை எடுத்தார். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"பாம், ஒன்று."

கொஞ்சம் யோசித்தார்.

"உயிருடன்."

பிறகு நிமிர்ந்தார். "இந்தக் கங்கா உனக்கு இன்னா வோணும்?"

"ஞாயித்துக்கெயமதான் சார் தெரியும்."

படிக்கட்டில் நின்ற சின்னப்பையன் இருமினார். ஏட்டு எழுதாமல் பேனாவை மூடினார்.

சாம்சன் டப்பாவுக்காகக் கை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை.

"ஞாயித்துக்கெயம அந்தப் பொண்ண ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு வா. இதான் அதுன்னு அது பாத்துச் சொல்லட்டும். அப்புறம் எடுத்துக்கினு போ."

செய்தி நோட்டில் அந்தத் தாளைக் கிழித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். டப்பாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

மணி பன்னிரண்டு. அவர் சைக்கிள் சாலைக்கு அந்தப் பக்கம், டீக்கடை ஓரம் நின்றது. நடுவில் நிழல் இல்லை.

சாம்சன் கைப்பிடிச் சுவரில் குனிந்தான்.

"சார், வெயிலு..."

ஏட்டு நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி டப்பாவின் மேல் கவிழ்த்தார்.

"அதான் எழுதிக்கீதே" என்றார்.